மூன்று லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு

டொயோட்டா குவாலிஸ் இந்தியச் சாலைக்கு வந்தது 2000இல். 2005இல் இன்னோவாவுக்கு இடம் கொடுத்துவிட்டு விற்பனையிலிருந்து விலகிவிட்டது. விற்றது ஐந்து வருடம்தான். ஆனாலும் முகூர்த்த நாளில் கல்யாண மண்டப வாசலில் இன்னும் அதைப் பார்க்க முடிகிறது. டாடா சுமோ, பழைய பொலேரோ, முதல் தலைமுறை ஸ்கார்பியோ எல்லாம் இதே வகையறா. இவற்றில் எது எஸ்.யூ.வி., எது எம்.யூ.வி. என்பது விற்பனைப் பிரிவுக்காரர்களின் கவலை. நமக்கு வேண்டிய பொதுக்குணம் வேறு. இரும்புச் சட்டமாக ஒரு சேஸிஸ், அதன்மேல் தனியாக உட்கார்ந்த பாடி. கழற்றலாம், மாட்டலாம், ஸ்பேர் கிடைக்கும், ஊர் மெக்கானிக்குக்குக் கை பழகியிருக்கும்.

இப்படி ஒரு வண்டியை மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய நிலையில் வாங்குகிறவரிடம், வாங்கிய பிறகு ஐம்பதாயிரம் ரூபாய் மிச்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது எங்கே போகும்? பெரும்பாலும் அலாய் வீலுக்கும் தடித்த டயருக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் டச் ஸ்க்ரீன் செட்டுக்கும். வண்டி வீட்டு வாசலில் கம்பீரமாக நிற்கும். மலை இறங்கும்போது பிரேக் பெடல் தரை வரை போகும். புதிதாக எதையும் சேர்க்குமுன், இருபது வருடத்தில் வண்டி எதையெல்லாம் இழந்திருக்கிறது என்று பார்த்து அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் குறைந்த காசில் கிடைக்கிற பெரிய மேம்பாடு என்பது என் கட்சி. அதற்கு எது தேய்கிறது, எது கெடுகிறது என்கிற இயற்பியல் கொஞ்சம் தெரிந்தாக வேண்டும்.

முதலில் அந்த மூன்று லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் அது 7,500 மணி நேர ஓட்டம். என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றியதாகக் கொண்டால் மொத்தம் 90 கோடி சுற்று. இத்தனைக்குப் பிறகும் கிராங்க் ஷாஃப்ட் பல வண்டிகளில் அளவு குறையாமல் இருப்பதற்குக் காரணம், ஓடுகிற நேரத்தில் அது பேரிங்கைத் தொடுவதே இல்லை என்பதுதான். சுழலும் தண்டு தன்னோடு ஆயிலை இழுத்துக்கொண்டு போய், குறுகும் இடைவெளிக்குள் நெருக்குகிறது. அங்கே சில மைக்ரான் கனத்தில் உருவாகும் ஆயில் படலத்தின் அழுத்தமே தண்டைத் தாங்கிக்கொள்கிறது. உலோகத்தோடு உலோகம் உரசுவது பெரும்பாலும் ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில், படலம் உருவாவதற்கு முன்னால்.

ஆகவே நாற்கரச் சாலையில் நாள் முழுக்க ஓடிய டூரிஸ்ட் வண்டியின் நான்கு லட்சத்தைவிட, தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குத் தினம் நான்கு முறை போய்வந்த வண்டியின் ஒரு லட்சம் என்ஜினுக்குக் கூடுதல் வேதனையாக இருக்கலாம். கிலோமீட்டர் எண்ணைவிட, ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்டதா என்பதே முக்கியம். தவிர, மீட்டரைக் குறைத்து வைப்பது நம் ஊரில் நன்றாக வளர்ந்த கலை. எழுபதாயிரம் காட்டும் வண்டியில் கிளட்ச் பெடலின் ரப்பர் வரி அழிந்து வழவழவென்று இருந்தால், பெடலை நம்புங்கள்.

இரும்பு கிலோமீட்டரில் கெடுகிறது என்றால் ரப்பர் ஆண்டுகளில் கெடுகிறது. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் ஆங்காங்கே முடிச்சுப் போட்டுப் பிணைத்திருக்கிறது. அதனால்தான் இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்புகிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் அந்தச் சங்கிலிகளைத் தாக்கிக்கொண்டே இருக்கும். ரப்பர் இறுகும், பிறகு வெடிக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் ஒரு தோராய விதி. மே மாத வேலூரில் பகலெல்லாம் வெயிலில் நிற்கும் வண்டிக்கு, அதன் அடியில் சூடான என்ஜினும் சைலன்சரும் இருக்கும்போது, ரப்பர் எவ்வளவு காலம் தாங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஓடாமல் ஷெட்டில் நின்ற வண்டியிலும் இது நடக்கும். "ரொம்ப ஓடலை சார், வீட்டிலேயே நின்னது" என்பது பாராட்டுப் பத்திரமே இல்லை.

டயரிலிருந்து தொடங்கலாம். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு உயரம் இருந்தாலும் சரி, பத்து வயதான டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது புஷ். முன் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களிலும், பின்பக்கம் கமான் பட்டை இருந்தால் அதன் இரு முனைகளிலும், இரும்பு உறைக்குள் ரப்பர் வைத்த சிறு உருளைகள் உண்டு. இவை செத்துப்போனால் வண்டி நேராகப் போகாது. பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். பள்ளத்தில் 'டொக் டொக்' என்று தட்டும். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று நாம் ஏற்றுக்கொள்ளும் முக்கால்வாசித் தள்ளாட்டம் இந்த ரப்பர் துண்டுகளால் வருவதே. ஷாக் அப்சார்பரை மாற்றிப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். ஷாக் அப்சார்பர் துள்ளலை அடக்கும். ஆடிக்கொண்டிருக்கும் ஆர்மைப் பிடித்துவைக்க அதனால் முடியாது.

புஷ் மாற்றும்போது கவனிக்க வேண்டிய ஒன்றை மெக்கானிக் பக்கத்தில் நின்று பாருங்கள். ஜாக்கி போட்டு வண்டி தூக்கியிருக்கும், சக்கரம் தொங்கும், ஆர்ம் கீழே சரிந்திருக்கும். புதிய புஷ்ஷை அடித்து, போல்ட்டைச் செருகி, அந்த நிலையிலேயே முழுக்க இறுக்கிவிடுவது பல இடங்களில் வழக்கம். இறுக்கியதும் புஷ்ஷின் உள் குழாய் அசையாமல் பூட்டிக்கொள்கிறது. வெளி உறை ஆர்மோடு திரும்புகிறது. நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கத்தைத் தாங்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியவுடனேயே ரப்பர் ஒரு பெரிய கோணத்துக்கு முறுக்கிக்கொண்டுவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளமும் அந்த முறுக்கத்துக்கு மேலே முறுக்கம். ஐந்து வருடம் வரவேண்டிய புஷ் சில மாதத்தில் கிழியும். குற்றம் "டூப்ளிகேட் சாமான்" மேல் விழும். போல்ட்டை லேசாக வைத்து, சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் பாரம் முழுக்க உட்கார்ந்த பிறகு கடைசி இறுக்கம் கொடுக்கச் சொல்லுங்கள். இதற்குக் கூடுதல் செலவு கிடையாது.

வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே இன்னொரு சோதனை. முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம் டை ராட் பக்கம். இவற்றைச் சரிசெய்யாமல் வீல் அலைன்மென்ட் செய்வது பணத்தைக் கம்ப்யூட்டருக்குக் காட்டிவிட்டு வருவது மட்டுமே. தொளதொளத்த மூட்டில் வைத்த கோணம் கடைவாசல் தாண்டுவதற்குள் மாறிவிடும்.

பிரேக்குக்கு வருவோம். ஏழு பேரும் சாமானும் ஏறினால் வண்டி இரண்டு டன்னை நெருங்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 5 லட்சம் ஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அத்தனையும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் வெப்பமாக இறங்குகிறது. வேகம் 100 ஆனால் ஆற்றல் ஏழே முக்கால் லட்சம் ஜூல், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இந்த வெப்பம் ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காது.

இங்கேதான் பிரேக் ஆயிலின் வயது வேலையைக் காட்டும். கிளைக்கால் வகைத் திரவமான அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே போகும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த விதியே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரைக்குப் போகும், வண்டி நிற்காது. டாட் 4 போட்டால் அந்த எண்கள் 230, 155 ஆகும். டாட் 3 இருந்த வண்டியில் அதை ஊற்றலாம். சிலிக்கோன் வகையான டாட் 5 மட்டும் இதில் சேராது. சில நூறு ரூபாய் ஆயில், ஒரு மணி நேர ஏர் எடுக்கும் வேலை, அத்தோடு இருபது வயது ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிட்டால் பிரேக் மறுபிறவி எடுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றம். "பதினைஞ்சு வருஷமா மாத்தினதே இல்லை, நல்லாத்தான் பிடிக்குது" என்று பெருமைப்படுகிறவர் மலை ஏறாதவராக இருக்க வேண்டும்.

பழைய டீசல் என்ஜின் சாவது பெரும்பாலும் தேய்ந்து அல்ல, சூடேறி. ரேடியேட்டர் மூடி என்பது வெறும் மூடி இல்லை. அதற்குள் ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கிறது. மூடியில் 0.9 என்று எழுதியிருந்தால், வெளிக்காற்றைவிட அத்தனை பார் கூடுதல் அழுத்தம் வரும்வரை அது திறக்காது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. ஸ்பிரிங் தளர்ந்து ரப்பர் வாஷர் வெடித்த மூடியோடு அதே ரேடியேட்டர் 100 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். ஏ.சி. போட்டு மலை ஏறும்போது வெப்ப மீட்டரின் முள் மேலே போகிறது என்றால், ரேடியேட்டரை மாற்றச் சொல்வதற்கு முன்னால் மூடியை மாற்றிப் பாருங்கள். என்ஜின் முழுக்க ஆறிய பிறகு மட்டும் திறக்கவும்.

போர் தண்ணீர் இன்னொரு எதிரி. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடான இடத்தில் படிவாகப் பிடிக்கும். வெப்பத்தைச் சரியாகக் கடத்தாத அந்தப் பூச்சு வெளியிலிருந்து தெரியாது. கூலன்டைக் கலப்பதற்கு வடித்த நீர் வாங்குங்கள், பேட்டரிக்கு ஊற்றுவதுதான்.

ஒரு பழைய வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. வண்டி சூடேறுகிறது என்று போனால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லைண்ணே" என்பார்கள். அந்த வால்வுக்குள் மெழுகு இருக்கிறது. ஏறக்குறைய 80 டிகிரியைத் தாண்டியதும் உருகி விரிந்து வழிவிடும். அதுவரை தண்ணீரை என்ஜினுக்குள்ளேயே சுற்றவைத்துச் சீக்கிரம் சூடாக்கும். அதை எடுத்துவிட்டால் என்ஜின் எப்போதும் அரைச் சூட்டில் ஓடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலோடு கலக்கும். மைலேஜ் குறையும், சிலிண்டர் தேயும். சூடேறியதன் உண்மைக் காரணம் அப்படியே இருக்கும். புதிய தெர்மோஸ்டாட் விலை மலிவு. போடுங்கள்.

என்ஜினைப் பொறுத்தவரை, திறப்பதற்கு முன் அளக்க வேண்டும் என்பதே விதி. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்குவதால் பிறக்கும் வெப்பமே, ஏறக்குறைய 500 டிகிரி, டீசலைப் பற்றவைக்கிறது. ரிங்கோ வால்வோ கசிந்தால் அழுத்தம் போகும், சூடும் போகும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து வெள்ளைப் புகை தள்ளும். ஆனால் இதே அறிகுறி, செத்துப்போன ஹீட்டர் பிளக்கினாலும் வரும். குவாலிஸின் 2,446 சி.சி. என்ஜின் முன்னறையில் டீசலைத் தெளிக்கும் பழைய வகை. ஹீட்டர் பிளக் இல்லாமல் காலையில் திணறும். பிளக் மாற்றும் செலவு எங்கே, ஹெட் இறக்கும் செலவு எங்கே! கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் அளந்து, எண்களை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, கையேட்டில் சொன்ன அளவை ஒட்டி இருந்தால் ஹெட்டைத் தொட வேண்டிய அவசியமில்லை. கறுப்புப் புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டர், பிறகு நாசில். பம்ப் கடையில் நாசில் தெளிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நூலாக ஒழுகாமல் மூடுபனியாக விரிய வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவது. கொஞ்சமாக இருந்தால் ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம், அவசரமில்லை.

அவசரம் டைமிங் பெல்ட்டுக்குத்தான். அதுவும் ரப்பர். குவாலிஸ் என்ஜினில் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அறுந்தால் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்தே நிற்கும், இரண்டும் மோதும். எப்போது மாற்றினார்கள் என்று முந்தைய உரிமையாளரால் தாள் காட்ட முடியவில்லையென்றால், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த மலிவு மேம்பாடு முகப்பு விளக்கில் இருக்கிறது. இரவில் வெளிச்சம் போதவில்லை என்றதும் எல்லாரும் எல்.இ.டி. பல்புக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் ஒரு மல்ட்டிமீட்டரை எடுங்கள். என்ஜின் ஓடட்டும், விளக்கு எரியட்டும். பேட்டரி முனைகளில் 13.5 வோல்ட் காட்டுகிறது. அதே நேரத்தில் பல்பின் பின்பக்கக் கனெக்டரில் முனையை வைத்தால் 12 காட்டும், சில வண்டிகளில் இன்னும் கீழே. அந்த ஒன்றரை வோல்ட், கறுத்துப்போன ஸ்விட்ச் முனைகளிலும் மெல்லிய பழைய ஒயரிலும் துருப்பிடித்த எர்த்திலும் வெப்பமாக வீணாகிறது. ஒன்பதில் ஒரு பங்குதானே போனது என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் இழையின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4ஆவது அடுக்கில் மாறுகிறது. ஒன்பதில் ஒரு பங்கு வோல்ட் போனால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், நடுவே ஃப்யூஸ், பக்கத்தில் ஒரு ரிலே, நல்ல எர்த். பழைய ஸ்விட்ச் இனி ரிலேயை மட்டும் தட்டினால் போதும். போன வெளிச்சம் அதே பல்பில் திரும்பி வரும். ஹாலஜனுக்கு என்று வளைத்த ரிஃப்ளெக்டரில் கண்ட எல்.இ.டி.யைச் செருகினால், ஒளி புறப்படும் புள்ளி இடம் மாறி, சாலையில் விழவேண்டியது எதிரே வருகிறவர் கண்ணில் விழும்.

பெரிய டயர் ஆசைக்கும் ஒரு கணக்கு. விட்டம் பத்து சதவீதம் கூடினால், மீட்டர் 80 காட்டும்போது வண்டி 88இல் போகிறது. சாலையைத் தள்ளும் விசை ஒன்பது சதவீதம் குறையும். பிரேக்கின் பிடியும் அதே அளவு குறையும். குவாலிஸின் டர்போ இல்லாத 75 குதிரைசக்தி என்ஜினுக்கு இது வேண்டாத சுமை. சட்டமும் இந்தப் பக்கம் இல்லை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கம்பிக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது.

செலவைக் குறைக்க சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்கும் கோவைக்காரர்கள் உக்கடத்துக்கும் போவார்கள். போகலாம். கதவு, கண்ணாடி, கைப்பிடி, சீட், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் பாக்ஸ்கூட அங்கே வாங்கலாம். பிரேக் சாமான், பால் ஜாயின்ட், டை ராட், பெல்ட், ரப்பர் எதையும் பழையதாக வாங்கக் கூடாது. முதல் மூன்றும் உயிர் விஷயம். மற்றவை ஏற்கெனவே வயதானவை.

பட்ஜெட்டில் அரசாங்கத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இருபது வயது தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025இல் பத்தாயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி.

ஆனால் இதில் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன், வண்டியின் அடியில் ஒருமுறை படுத்துப் பார்க்க வேண்டும். கடலோர ஊர் வண்டி என்றால் கட்டாயம். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து சேஸிஸின் இரு நீளக் கம்பிகளையும், கமான் பட்டை தொங்கும் பிராக்கெட்டுகளையும், பாடி உட்காரும் ரப்பர் மவுண்டுகளின் சுற்றுப்புறத்தையும் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் இரும்பு. பொத்தென்று சத்தம் வந்து, குத்தினால் முனை உள்ளே இறங்கினால், அங்கே கறுப்பு பெயின்டுக்கு அடியில் இருப்பது துரு. மேல்துருவைச் சுரண்டிப் பூசலாம். பாரம் தாங்கும் இடத்தில் ஓட்டை விழுந்த சேஸிஸுக்கு ஒட்டு வெல்டிங் போட்டு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டக் கூடாது. என்ஜின் எவ்வளவு அருமையாகப் பாடினாலும் அந்த வண்டியை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள்.